எவ்வளவு பயிற்சி போதும்? பக்கவாதத்துக்குப் பின் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கும் விதம்

எங்கள் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவுக்கு நோயாளியைச் சக்கர நாற்காலியில் அழைத்துவரும் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். “எப்போது நடப்பார்?” என்பது முதற்கேள்வி. “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும்?” என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு முதல் நாளிலேயே உறுதியான விடை கூற எவராலும் இயலாது. இரண்டாவது கேள்விக்கு விடை உண்டு. ஆனால் மருந்துச் சீட்டில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதுவதுபோல் ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய விடை அன்று அது. அந்த விடையை நாங்கள் எவ்வாறு கண்டடைகிறோம் என்பதையும், அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

நம் வீடுகளில் இரண்டு பழமொழிகள் வழங்குகின்றன. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது ஒன்று. ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது மற்றொன்று. பக்கவாதம் கண்ட ஒருவரின் வீட்டில் மகன் முதலாவதையும் மகள் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு வாதிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். இரண்டுமே உண்மைதான். எந்த வாரத்தில், எந்தப் பயிற்சிக்கு, எந்தப் பழமொழி பொருந்தும் என்று அறிவதே சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பதாகும்.

இரு நோயாளிகள், இரு தவறுகள்

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இருவரைப் பற்றிச் சொல்கிறோம்.

முதலாமவர் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். வயது 54. வலப்பக்கக் கையும் காலும் செயலிழந்தன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், “எவ்வளவு அதிகமாகச் செய்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் நடப்பார்” என்று யாரோ கூறியதை மகன் அப்படியே நம்பினார். காலையில் ஒரு சிகிச்சையாளர், மாலையில் வேறொருவர் என இருவரை வீட்டுக்கு வரவழைத்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இடைப்பட்ட நேரத்தில் கதவு நிலையில் கயிறும் கப்பியும் கட்டி, செயலிழந்த கையைத் தலைக்கு மேல் இழுக்கும் பயிற்சியையும் மகனே நடத்தினார். இரண்டு வாரங்களில் தோளில் கடும் வலி, கை வீங்கியது. தந்தை, “என்னைத் தொடாதே” என்று கூறிவிட்டார். அதன்பின் ஒரு மாதம் எந்தப் பயிற்சியும் இல்லை. ஏழாவது வாரத்தில் எங்களிடம் வந்தபோது மகன் கேட்ட கேள்வி: “டாக்டர், நான்தான் அப்பாவைக் கெடுத்துட்டேனா?”

இரண்டாமவர் 67 வயது அம்மையார். கொடுங்கையூரில் ஒரு குறுகிய மாடிப்படி வீட்டில் குடியிருப்பவர். அவருக்கு ஏற்பட்டது சிறிய பக்கவாதமே. ஆனால் ஒருமுறை கழிவறை வாசலில் தடுமாறியதைக் கண்டு அஞ்சிய மகள்கள், அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. உணவும் நீரும் கட்டிலுக்கே வந்தன. வாரம் ஒருமுறை மட்டும் ஆட்டோவில் பயிற்சிக்கு அழைத்து வந்தார்கள். மூன்று மாதங்களில், பக்கவாதத்தால் பாதிக்கப்படாத காலும் வலுவிழந்திருந்தது.

இரண்டு வீடுகளிலும் அன்புக்குக் குறைவில்லை. முதல் வீட்டில் அளவு மிகுந்தது; இரண்டாவது வீட்டில் அளவு குறைந்தது. இரண்டிலும் அளவை எவரும் வகுத்துத் தரவில்லை என்பதே பொதுவான குறை.

‘அளவு’ என்பது மணிக்கணக்கு மட்டும் அன்று

மாத்திரைக்கு மில்லிகிராம் என்ற ஒரே அளவுகோல் போதும். பயிற்சிக்கு அது போதாது. பயிற்சியின் அளவில் ஐந்து கூறுகள் உள்ளன. ஒருமுறை எவ்வளவு நேரம்; ஒரு நாளில் எத்தனை முறை; மொத்தம் எத்தனை வாரங்கள்; அந்த நேரத்துக்குள் ஓர் அசைவு உண்மையில் எத்தனை தடவை செய்யப்படுகிறது; அந்த அசைவு நோயாளிக்கு எவ்வளவு கடினமானது. ‘தினமும் ஒரு மணி நேரம் பிசியோதெரபி’ என்று எழுதினால் ஐந்தில் இரண்டைத்தான் சொல்கிறோம்.

நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிவந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் ஒருநாள், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று அருகிலிருந்து எண்ணிப் பார்த்தோம். நோயாளியை நாற்காலியிலிருந்து மாற்றுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, இறுகிய தசையைத் தளர்த்துவது, நலம் விசாரிப்பது ஆகியவற்றில் பெரும்பகுதி கழிந்தது. நோயாளி தாமாகக் கையை நீட்டி ஒரு பொருளைப் பிடித்த தடவைகள் மிகச் சிலவே. இது எங்கள் பிரிவின் குறை மட்டும் அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், கைக்கான பயிற்சி நடந்த அமர்வு ஒன்றில், பயனுள்ள கையசைவுகள் சராசரியாக 32 தடவை மட்டுமே செய்யப்பட்டிருந்தன.

32 என்பது ஏன் குறைவு? பக்கவாதத்தில் இறந்துபோன மூளைச் செல்கள் மீள்வதில்லை. சுற்றியுள்ள பகுதிகளும் எஞ்சிய நரம்புப் பாதைகளும் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. கற்றல் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் நிகழ்வது. லாரி ஓட்டக் கற்றவர் கியர் மாற்றுவதை முப்பது தடவையில் கற்றிருக்க மாட்டார். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் மூளையில் மாற்றம் காணப்பட்டது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் ஓர் அசைவைச் செய்தபோதுதான். இங்கே அம்மிப் பழமொழி பொருந்துகிறது.

முதல் நாட்களில் அவசரம் வேண்டாம்

அப்படியானால் பக்கவாதம் வந்த அன்றே தொடங்கி, இயன்றவரை அதிகமாகச் செய்துவிடலாமே என்று தோன்றும். மருத்துவர்களும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினர். அதைச் சோதித்தது ‘அவெர்ட்’ என்னும் பெரிய ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினரை 24 மணி நேரத்துக்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி, கூடுதலாகவும் அடிக்கடியும் பயிற்சி அளித்தனர். மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2015-இல் முடிவு வெளியானபோது பலரும் வியந்தனர். மூன்று மாதங்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள், வழக்கமான கவனிப்புப் பிரிவில் 50 விழுக்காடு. மிகுதியாகப் பயிற்சி பெற்ற பிரிவில் 46 விழுக்காடு.

இந்த ஆய்வின் தரவுகளை மேலும் பகுத்துப் பார்த்தபோது ஒரு நுட்பம் புலப்பட்டது. அந்த முதல் நாட்களில், ஒரே மூச்சில் நீண்ட நேரம் எழுப்பி வைப்பது பயன் தரவில்லை. குறைந்த நேரம், ஆனால் பலமுறை எழுப்புவதே நல்ல விளைவோடு இணைந்திருந்தது. எனவேதான் தொடக்க நாட்களில் எங்கள் செவிலியர் உங்கள் உறவினரைக் கட்டில் விளிம்பில் சில நிமிடங்கள் அமர்த்திவிட்டு மீண்டும் படுக்க வைக்கிறார். “இவ்வளவுதானா?” என்று நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்தச் சில நிமிடங்களே அப்போதைக்கு உரிய அளவு. ஒரு நாளில் அது பலமுறை நிகழ்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

கூட்ட வேண்டிய காலம்

முதல் வாரங்கள் கடந்தபின் நிலைமை மாறுகிறது. அமெரிக்காவில் 72 நோயாளிகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சைக்கு மேலாக 20 மணி நேரக் கைப்பயிற்சியைச் சிலருக்கு முதல் மாதத்துக்குள்ளும், சிலருக்கு இரண்டு முதல் மூன்று மாதங்களுக்கு இடையிலும், சிலருக்கு ஆறு மாதங்களுக்குப் பின்னரும் அளித்தனர். கொடுத்தது ஒரே 20 மணி நேரம். மிகுந்த பயன் கண்டவர்கள் இரண்டு, மூன்றாம் மாதங்களில் பெற்றவர்களே. சிறிய ஆய்வுதான், எனினும் முதல் சில மாதங்கள் வீணாகக் கூடாதவை என்பதை அது உணர்த்துகிறது. லாரி ஓட்டுநரின் குடும்பம் ஒரு மாதம் எதுவும் செய்யாமல் இருக்க நேர்ந்ததை நாங்கள் இழப்பாகக் கருதியது இதனால்தான்.

உலக அளவில் பரிந்துரைகளும் இதற்கேற்ப மாறியுள்ளன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தேவைப்படும் ஒவ்வொரு வகைச் சிகிச்சையும் நாளுக்கு 45 நிமிடங்கள் என்று 2013-இல் கூறியிருந்தது. 2023-இல் அதை மாற்றி, மறுவாழ்வுச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாட்களேனும், நாளுக்கு மூன்று மணி நேரமேனும் அமைய வேண்டும் என்று கூறியது. இயன்முறை சிகிச்சை, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த மூன்று மணி நேரம். தாங்க இயலாதவர்களுக்குக் குறைத்துக்கொள்ளவும் அது இடமளிக்கிறது.

‘ஆறு மாதம் கடந்துவிட்டால் இனி ஒன்றும் இல்லை’ என்னும் பேச்சும் சரியன்று. இலண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையில், மூன்று வாரங்களில் 90 மணி நேரம் என்ற கணக்கில் கைக்குத் தீவிரப் பயிற்சி அளிக்கிறார்கள். 2019-இல் வெளியான அவர்களது அறிக்கையில் இடம்பெற்ற 224 பேரில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆனவர்கள். அவர்களிடமும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டு, ஆறு மாதங்களுக்குப் பின்னும் நிலைத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத அறிக்கை என்பதால் அதை ஓரளவு நிதானத்துடனேயே வாசிக்கிறோம்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

இதற்கு நேர்மையான விடை தரும் ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதங்கள் கடந்த 85 பேரை நான்கு பிரிவாக்கினர். எட்டு வாரங்களில் ஒரு பிரிவு 3200 தடவை, அடுத்தது 6400, மூன்றாவது 9600. நான்காவது பிரிவினர் தத்தம் எல்லைவரை. மும்மடங்கு செய்தவர்கள் மும்மடங்கு முன்னேறுவார்கள் என்று எதிர்பார்த்தால், அவ்வாறு நிகழவில்லை. எல்லாப் பிரிவிலும் சிறிதளவு முன்னேற்றம் இருந்தது. அளவு கூடியதால் அது கூடவில்லை.

இதிலிருந்து ‘பயிற்சி வீண்’ என்ற முடிவுக்கு வரக் கூடாது. 32 தடவை குறைவு. ஆனால் நூறை முந்நூறாக்குவதால் மட்டும் பலன் மூன்று மடங்காகிவிடாது என்பதே பாடம். எவ்வளவு என்பதோடு எது என்பதும் முக்கியம். தன் சட்டைப் பொத்தானைத் தானே போட விரும்பும் ஒருவர், ஆயிரம் தடவை ரப்பர் பந்தை அமுக்குவதைவிடப் பொத்தானோடு போராடுவதே மேல். அம்மியை நகர்த்த வேண்டுமானால் அம்மியின்மேல்தான் அடிக்க வேண்டும். அருகிலுள்ள சுவரில் அன்று.

குடும்பத்தினரே செய்துவிட முடியுமா?

நம் நாட்டில் இக்கேள்வி மிகவும் முக்கியமானது. சிகிச்சையாளர்கள் குறைவு, குடும்பங்கள் பெரியவை, அன்பும் உண்டு. எனவே குடும்பத்தினருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டில் நடத்தச் சொன்னால் என்ன? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு இதைச் சோதித்தது. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் அதன் முன்னணி ஆய்வாளர்களுள் ஒருவர். 2017-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து, குடும்பத்தினர் பயிற்சி அளித்த பிரிவில் 47 விழுக்காடு. வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் 47 விழுக்காடு. வேறுபாடு இல்லை.

இம்முடிவைக் கேட்டு மனம் தளர வேண்டாம். குடும்பத்தின் உழைப்பு பயனற்றது என்று அது கூறவில்லை. ஒருமுறை கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முழுப் பொறுப்பையும் மகள்மீதும் மருமகள்மீதும் சுமத்திவிடுவது சிகிச்சைக்கு மாற்றாகாது என்பதே நாங்கள் அதிலிருந்து கொள்ளும் பாடம். அளவைத் தீர்மானிப்பதும், அவ்வப்போது அளந்து மாற்றுவதும் பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டும். அந்த அளவு அன்றாடம் தவறாமல் நிறைவேறுவதற்குக் குடும்பம் வேண்டும். ‘என்னால் முடியவில்லை, அதனால்தான் அம்மா தேறவில்லை’ என்று குற்ற உணர்வு கொள்ளும் மகள்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் அளவை வகுக்கும் முறை

முதலில், இன்றைய நிலையை அளக்கிறோம். பத்து மீட்டர் தூரத்தை நடக்க எத்தனை வினாடிகள் ஆகின்றன? 25 வினாடிகளுக்கு மேல் ஆனால் அவரது நடை பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டுமே போதுமானது. 12 வினாடிகளுக்குள் கடந்தால் கடைத்தெருவுக்குச் சென்றுவரக்கூடிய வேகம் எனலாம். அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது, கையால் எதைப் பிடிக்க முடிகிறது என்பவற்றையும் குறித்துக்கொள்கிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்கம், மனநிலை ஆகியவற்றையும் பார்க்கிறோம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. ‘சோம்பேறியாகிவிட்டார்’ என்று வீட்டில் கூறப்படுபவருக்குத் தேவைப்படுவது கூடுதல் பயிற்சியன்று. மனச்சோர்வுக்கான சிகிச்சையாக இருக்கலாம்.

இரண்டாவதாக, தொடக்க அளவு. நோயாளி களைத்துப்போகும் நேரத்தில் ஏறத்தாழப் பாதியே எங்கள் தொடக்கம். பத்து நிமிடத்தில் களைப்பவருக்கு ஐந்து நிமிடம். ஆனால் அதை நாளில் ஐந்தாறு முறை செய்யச் சொல்கிறோம். மொத்தத்தில் அரை மணி நேரம் ஆகிறது, களைப்போ தெரிவதில்லை.

மூன்றாவதாக, கடினம். ஒரு செயலைப் பத்துத் தடவை முயன்றால் ஏழெட்டுத் தடவை வெற்றி கிடைக்க வேண்டும். பத்துக்குப் பத்தும் எளிதாக முடிந்தால் அப்பயிற்சி பழையதாகிவிட்டது. தம்ளரில் நீரை ஊற்றிக் கனத்தைக் கூட்டுங்கள், அல்லது சற்றுத் தொலைவில் வையுங்கள். பாதிக்கு மேல் தோல்வி என்றால் பயிற்சி மிகக் கடினம், எளிதாக்க வேண்டும். தோல்வியையே திரும்பத் திரும்பச் செய்பவர் விரைவில் கைவிடுவார்.

நான்காவது, நாங்கள் ‘மறுநாள் காலை விதி’ என்று அழைப்பது. பயிற்சியின்போது களைப்பு ஏற்படுவது இயல்பு. ஓய்வெடுத்தபின் அது நீங்க வேண்டும். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சோர்வாக எழுந்தால், அல்லது பயிற்சிக்குப்பின் இரண்டு மணி நேரம் கடந்தும் வலி நீடித்தால், முந்தைய நாளின் அளவு அதிகம் என்று பொருள். அன்றைய பயிற்சியை முற்றிலும் நிறுத்த வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

ஐந்தாவது, மறு அளவீடு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதே பத்து மீட்டரை மீண்டும் நடக்கச் சொல்லி அளக்கிறோம். முன்னேற்றம் இருந்தால் தொடர்கிறோம். இல்லையென்றால் ஐந்து கூறுகளில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமற்போகும். நான்கைந்து மறு அளவீடுகளுக்குப் பின்னும் மாற்றம் இல்லையெனில், அந்தப் பயிற்சிக்காகக் குடும்பம் தொடர்ந்து பணம் செலவிடுவது முறையா என்பதை உங்களோடு அமர்ந்து வெளிப்படையாகப் பேசுகிறோம். அப்போது இலக்கை மாற்றலாம். இருப்பதைக் காத்துக்கொள்ளும் குறைந்த அளவுக்கு வரலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

செயலிழந்த கையைக் கப்பியால் தலைக்கு மேல் இழுக்காதீர்கள். 1990-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், கப்பிப் பயிற்சி செய்தவர்களில் 62 விழுக்காட்டினருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளர் கையால் மென்மையாக அசைத்த பிரிவில் 8 விழுக்காட்டினருக்கே வந்தது. கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் தோளைக் கெடுக்கும்.

ஓய்வு நேரத்து இரத்த அழுத்தம் 180-க்கு மேலோ, கீழளவு 110-க்கு மேலோ இருந்தால் அன்று பயிற்சியைத் தொடங்காமல் எங்களை அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், புதிதாக வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடி நடையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து புகை வரும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கி மருத்துவமனைக்கு வர இயலாமல் போகலாம். அந்த நாட்களுக்கான பயிற்சியை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முற்றிலும் விடுபடுவதைவிட, பாதி அளவேனும் தொடர்வது நல்லது.

பயிற்சி என்றால் தனிக் கருவி வேண்டும் என்பதில்லை. பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது, துணி மடிப்பது, பூட்டைத் திறப்பது, சொம்பிலிருந்து நீர் ஊற்றுவது ஆகியவை அனைத்தும் பயிற்சியே. எண்ணிக்கை தவறாமல் இருக்க, பத்துக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தால் போதும்.

எல்லா நரம்பு நோய்க்கும் ஒரே அளவு அன்று

மேற்கூறியவை பெரும்பாலும் பக்கவாதத்துக்கு உரியவை. கில்லன் பாரே நோயில் நரம்புகளே பாதிக்கப்பட்டு மெல்ல மீள்கின்றன. அங்கே தசை சோர்ந்துபோகும்வரை பயிற்சி அளிப்பது வலுவைக் குறைக்கக்கூடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் தற்காலிகமாகக் குறைகள் கூடும். சென்னை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே, இடைவெளி விட்டுச் செய்வதே நலம். பார்க்கின்சன் நோயில் மாத்திரை நன்கு வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்நோயில் குரல் தாழ்ந்தவர்களுக்கென அமைந்த பயிற்சி முறை ஒன்று, வாரத்தில் நான்கு நாள், நான்கு வாரம், மொத்தம் 16 அமர்வுகள் என்று அளவை வரையறுத்தே வைத்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த பயிற்சித் தாளைப் படியெடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

பணமும் பயணமும்

கொடுங்கையூரின் உட்தெருக்களிலிருந்து நோயாளியை ஆட்டோவில் ஏற்றி, மூலக்கடை நெரிசலைக் கடந்து, அரை மணி நேரப் பயிற்சிக்காக வந்து திரும்பினால், பயணக் களைப்பே அன்றைய அளவைத் தின்றுவிடுகிறது. உடன் வருபவருக்கு ஒரு நாள் கூலியும் போகிறது. எனவே வாரத்தில் எத்தனை நாள் வர முடியும் என்பதைத் தயங்காமல் கூறுங்கள். இரண்டு நாள்தான் முடியும் என்றால், அந்த இரண்டு நாளில் அளப்பதும் கற்பிப்பதும் நடக்கட்டும். மற்ற நாட்களுக்குரிய பயிற்சியை வீட்டுக்கு ஏற்ப அமைத்துத் தருவோம்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகளோடு, வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். வெளியே வர இயலாதவர்கள் தங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்கு வரும் சிகிச்சையாளரிடம் எங்கள் பயிற்சிக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். இருவர் இருவேறு அளவைக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோயாளியே துன்புறுவார்.

அந்த இருவர்

லாரி ஓட்டுநருக்கு முதல் இரண்டு வாரங்கள் தோள்வலிக்கே செலவாயின. கப்பியைக் கழற்றச் சொன்னோம். பிறகு ஐந்து நிமிடம், ஆறு முறை என்று தொடங்கி, படிப்படியாக நாளுக்கு இரண்டு மணி நேரத்தை எட்டினார். மகனின் பணி எண்ணுவதும் எழுதுவதும் மட்டுமே என்று கூறினோம். அவருக்கு அது முதலில் ஏமாற்றம், பின்னர் ஆறுதல். எட்டாம் மாதத்தில் தந்தை தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டார். தெருமுனைத் தேநீர்க் கடைக்குத் தடியூன்றித் தனியே சென்று வருகிறார். மீண்டும் லாரி ஓட்ட இயலாது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

“நான்தான் கெடுத்துட்டேனா?” என்ற கேள்விக்கு அன்று நாங்கள் கூறிய விடையை இங்கும் கூறுகிறோம். இல்லை. அவருக்கு அளவைச் சொல்லித் தந்திருக்க வேண்டியவர்கள் மருத்துவத் துறையினராகிய நாங்கள்.

அம்மையார் இப்போது கட்டிலைவிட்டு இறங்கிச் சமையலறை வாசலில் நாற்காலியிட்டு அமர்கிறார். ஒவ்வொரு மணிக்கும் ஐந்து தடவை எழுந்து நிற்பது அவருடைய அளவு. காய்கறி நறுக்கும் வேலையையும் மகள்கள் அவரிடமே விட்டுவிட்டார்கள்.

அடுத்த முறை வரும்போது ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவாருங்கள். நாள், நேரம், எத்தனை தடவை, களைப்பு பத்துக்கு எத்தனை, மறுநாள் காலை எப்படி எழுந்தார் என்ற ஐந்தை மட்டும் அதில் எழுதுங்கள். எவ்வளவு பயிற்சி என்ற கேள்விக்கு அந்த நோட்டைப் பார்த்தே நாம் சேர்ந்து விடை காண்போம்.